சூடு ஆரம்பித்த வாரம்

என் லேப்டாப் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகிற ரகம் இல்லை. முதலில் ஃபேன் இரையும். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிறது என்று நினைத்துக்கொள்ளும் அளவுக்கு இரையும். பிறகு கீபோர்டின் இடது பக்கம் சுடும். பிறகு அம்புக்குறி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். "இரு, இரு, சேவ் பண்ணிக்கிறேன்" என்று நான் கெஞ்சுவேன். யார் கேட்கிறார்கள். திரை கறுத்துவிடும். கறுத்த திரையில் வாயைத் திறந்தபடி என் முகம் மட்டும் தெரியும்.

சப்டைட்டில் போடுவது என் தொழில். மருத்துவப் பாடம், விவசாயப் பாடம், எறும்பைப் பற்றிய ஆவணப்படம், எது வந்தாலும் செய்வேன். பேசுகிறவர் மூச்சு விடாமல் பேசியதை, படிக்கிறவர் மூச்சு விட்டுப் படிக்கும்படி இரண்டு வரியில் அடக்க வேண்டும். சொன்னால் சுலபம். ஒரே விஷயத்தை ஏழு விதமாகச் சொல்லும் பேராசிரியரை நாள் முழுக்க காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வாயால் திட்டினால் பிழைப்பு போய்விடும் என்பதால் கையால் திட்டக் கற்றுக்கொண்டேன். சப்டைட்டில் வரியிலேயே "யோவ், விஷயத்துக்கு வாய்யா" என்று டைப் செய்வேன். கொஞ்ச நேரம் அதைப் பார்ப்பேன். மனசு ஆறும். அழித்துவிட்டு ஒழுங்கான வரியைப் போடுவேன். மெசேஜும் அப்படித்தான். போனில் தட்டுவது எனக்கு ஆகாது, எல்லாமே லேப்டாப்பில்தான். வேலை கொடுப்பவர் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு அவசரம் என்றால், அவருடைய பரம்பரையையே இழுத்து ஒரு பத்தி எழுதுவேன். அழிப்பேன். "சரிங்க, முடிச்சு அனுப்பறேன்" என்று அனுப்புவேன். ஊரில் எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது அந்த அழிக்கிற பட்டன்தான்.

அக்காவோடு இருக்கிறேன். கல்யாணம் முறிந்து ஒரு பெட்டியோடு வந்து நின்றபோது, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் திறந்தவள் அவள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே யார் மெஷின் மக்கர் செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நான் வந்த புதிதில், சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்த நாட்களில், இந்த லேப்டாப்பை வாங்கி, தேவையானதையெல்லாம் ஏற்றி, மடியில் வைத்தாள். "எந்திரி சுண்டு. எதையாவது டைப் பண்ணு" என்றாள். சுண்டெலி என்பதன் சுருக்கம். எனக்கு முடி நரைத்துவிட்டது, இன்னும் சுண்டுதான்.

நானும் எழுந்தேன், டைப் செய்தேன். தொழில் ஒன்று கைக்கு வந்தது. என்னைத் தூக்கி நிறுத்தியது அக்கா என்று யாரிடமும் சொல்லத் தயங்கியதில்லை.

இந்தக் கோடையில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டேன். வேறு ஊர். சப்டைட்டில் நிறுவனம், என்னைப் போன்றவர்கள் பன்னிரண்டு பேரை மேய்க்கும் வேலை. தங்க ஒரு வீடும் அவர்களே தருகிறார்கள். அப்பா வீடு, புருஷன் வீடு, அக்கா வீடு என்றே என் காலம் போயிருக்கிறது. என் வீடு என்று ஒன்றில் நான் ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை. சாவி என் கையில் மட்டும் இருக்கும் ஒரு கதவு வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. எழுதிப் போட்டதை அக்காவிடம் சொல்லவில்லை. கிடைக்காமல் போனால் எதற்கு வீணாக ஒரு பேச்சு என்று இருந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் லேப்டாப் சுட ஆரம்பித்தது.

நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் அக்காவிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"நல்லதுதானே. போயேன்" என்றாள்.

"உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

"எனக்கென்ன கஷ்டம். பாத்ரூம் காலியா கிடைக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. மறுநாள் அவளே லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் ஒரு ஃபேன் ஸ்டாண்டு வாங்கி வந்தாள். நீல விளக்கு எரியும். அதன் மேல் லேப்டாப்பைத் தூக்கி வைத்து, கை வைத்துப் பார்த்து, "இனிமே ஜில்லுன்னு இருக்கும்" என்றாள்.

ஜில்லென்று இருக்கவில்லை. வீடியோ கால் வந்தால் போதும், கொதித்தது. நேர்காணலில் ஒரு நேரடிச் சோதனை இருந்தது. அவர்கள் ஒரு படத்துண்டை அனுப்புவார்கள், என் திரையை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் சப்டைட்டில் போட வேண்டும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "ஆத்துல தண்ணி வத்திப் போச்சுன்னா மீனுக்கு என்ன வழி" என்று படத்தில் ஒரு கிழவர் கேட்டார். அந்த வரியைப் பாதி போட்டிருப்பேன், ஃபேன் இரைந்தது, அம்பு நின்றது, திரை கறுத்தது.

போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். நேர்காணல் நடத்திய அம்மாள் நல்லவர். இன்னொரு தேதி கொடுத்தார். "ஆனா ஒண்ணும்மா. மெஷினை ஒழுங்கா வெச்சுக்கறதும் இந்த வேலையில சேத்திதான். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் மேலே பதில் சொல்ல முடியாது" என்றார். அதற்கு மேல் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

அன்று அக்கா அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். காபி போட்டுக் கொடுத்தாள். சின்ன ஸ்க்ரூடிரைவர், பெயிண்ட் பிரஷ் எல்லாம் எடுத்து வைத்து, லேப்டாப்பைக் கவிழ்த்துத் திறந்து, ஃபேன் இறக்கை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். சூடு இறங்கச் சிப்பின் மேல் பூசியிருந்து காய்ந்துபோன பசையை வழித்துவிட்டுப் புதிதாகத் தடவினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தேன். அவள் நெற்றி வேர்த்திருந்தது. இவளை விட்டுப் போகிறோமே என்று இருந்தது.

"கடையில கொடுத்துப் பாக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். கண்டவனும் உள்ள இருக்கறதை நோண்டுவான். உன் மெயில், உன் மெசேஜ் எல்லாம் இருக்கில்ல. நானே ஆபீஸ்லேர்ந்து ஒரு ஃபேன் கொண்டு வந்து மாத்தறேன்."

கண்டவனும் நோண்டுவான். இந்த வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

ஆபீஸ் ஃபேன் வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று போய்க்கொண்டிருந்தது. நான் எங்கள் குடும்பக் குழுவில் புலம்பினேன். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். சித்தி ஐஸ் பையின் மேல் வைக்கச் சொன்னாள். மாமா, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தியாம்மா" என்றார். ஆஃப் ஆவதுதானே மாமா பிரச்சினையே, நீங்கள் இத்தனை வருஷம் எப்படி என்ஜினீயர் என்று சம்பளம் வாங்கினீர்கள் என்று டைப் செய்தேன். அழித்தேன். "பாக்கறேன் மாமா" என்று அனுப்பினேன்.

அந்த வாரம்தான் அது நடந்தது. பெரியம்மா மகள் ஒருத்தி, எனக்குச் சம வயது, சினிமாவுக்குக் கூப்பிட்டாள். "இரு, வார்டன்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டு வரேன்" என்று டைப் செய்தேன். படித்துப் பார்த்தபோது அக்காவை அப்படிச் சொல்வது தப்பாகப் பட்டது. எங்கே போகிறாய், எப்போது வருவாய், சாப்பிட்டாயா என்று அவள் கேட்பதில் எரிச்சல் உண்டுதான், அதற்காக இப்படியா. அழித்துவிட்டு, "அக்காகிட்ட சொல்லிட்டு வரேன்" என்று அனுப்பினேன். படத்துக்கும் போய்விட்டு வந்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, கொடியில் காய்ந்த துணியை நான் எடுக்காமல் வெளியே கிளம்பினேன் என்று ஒரு சின்னச் சண்டை. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது, முணுமுணுப்பு.

"கடைக்குப் போய்ட்டு வந்து எடுக்கறேன்னு சொன்னேன் இல்ல?"

"போ, போ. வார்டன்கிட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டு."

செருப்பில் பாதி நுழைத்த கால் அப்படியே நின்றது. அந்த வார்த்தையை நான் வாயால் சொன்னதே இல்லை. யாரிடமும், எப்போதும். அது என் கையிலிருந்து வந்து என் கையாலேயே அழிந்தது. அக்கா துணியை மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

தூக்கத்தில் உளறுகிறேனோ என்று நினைத்தேன். மறுநாள் காலையில் "நான் தூக்கத்துல பேசறேனாக்கா?" என்று கேட்டும்விட்டேன். "இல்லையே, கட்டை மாதிரி தூங்கறே" என்றாள். சரி, வார்டன் என்பது எல்லோருக்கும் தெரிந்த வார்த்தைதானே, தற்செயலாக வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அவளைச் சந்தேகப்படும் பழக்கம் எனக்கு இல்லை.

நேர்காணலுக்கு நாள் நெருங்கிவிட்டது. அக்கா வேலைக்குப் போனதும் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். அவளிடம் சொல்லாமல் செய்கிறோமே என்று வழியெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது. என்னைப் போல ஒரு அசடு இருக்க முடியுமா.

கடை, துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் செருகினாற்போல இருந்தது. ரிப்பேர் செய்வது ஒரு பெண். நெற்றியில் பூதக்கண்ணாடியைத் தூக்கி விட்டிருந்தாள். வாய் ஓயவே ஓயாது. யாரோ லேப்டாப்பில் பால் கொட்டிவிட்டு, தானாக நடந்தது என்று சத்தியம் செய்த கதையைச் சொல்லிக்கொண்டே என்னுடையதைத் திறந்தாள்.

"உள்ளே தூசியே இல்லையே மேடம். பசையும் புதுசா இருக்கு. யாரோ கைதேர்ந்தவங்க செஞ்சிருக்காங்க."

"எங்க அக்கா" என்றேன், பெருமையாக.

மூடினாள். அவளுடைய பென்டிரைவ் ஒன்றைச் செருகி, அதிலிருந்தே மெஷினை ஓட விட்டாள். என் லேப்டாப்பில் இருக்கும் எதுவும் இப்போது ஓடவில்லை, உடம்பு மட்டும்தான் வேலை செய்கிறது என்று விளக்கினாள். ஒரு பெரிய வீடியோவைப் போட்டுவிட்டு டீ குடித்தாள், எனக்கும் கொடுத்தாள். டீ முடிந்தது. ஃபேன் மூச்சுக்கூட விடவில்லை. கை வைத்துப் பார்த்தேன், குளிர்ச்சியாக இருந்தது. இத்தனை நாளில் அதை அப்படித் தொட்டதே இல்லை.

பிறகு பென்டிரைவை எடுத்துவிட்டு, வழக்கம்போல ஆன் செய்தாள். ஒரு வேலையும் கொடுக்கவில்லை. சும்மா வைத்துவிட்டுப் பார்த்தோம். இரைய ஆரம்பித்தது.

"மெஷினுக்கு ஒரு குறையும் இல்ல மேடம். உள்ள ஏதோ ஓடுது."

ஓடுகிறவற்றின் பட்டியலைத் திறந்தாள். மேலேயே ஒன்று நின்றது. பிரிண்டருக்கு உதவி என்கிற மாதிரி ஒரு பெயர்.

"உங்க வீட்டுல பிரிண்டர் இருக்கா?"

"இல்லை."

அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே உள்ளே போனாள். பேச்சு நின்றுவிட்டது.

"இது உங்க ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பா?"

"என் சொந்தம். ஏன்?"

"ஆபீஸ்ல வேலை செய்யறவங்களைக் கண்காணிக்கப் போடற சாஃப்ட்வேர் இது. நீங்க அடிக்கற ஒவ்வொரு எழுத்தையும் எடுத்து வைக்கும். திரையையும் படம் பிடிச்சுக்கிட்டே இருக்கும். படம் பிடிக்கறதாலதான் இந்தச் சூடு. கூடவே வீடியோ காலும் போனா தாங்காது, படுத்துரும்." கொஞ்சம் நிறுத்தினாள். "எப்ப இருந்து சூடாகுது?"

"இந்தக் கோடையில. ஒரு வேலைக்கு எழுதிப் போட்டேன். அந்த வாரத்துல இருந்து" என்றேன்.

"ம். படம் பிடிக்கற செட்டிங் அப்பதான் போட்டிருக்காங்க. எழுத்தை எடுக்கறது மட்டும் வாங்கின புதுசுல இருந்தே இருக்கு. அது சூடாகாது, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது." திரையை என் பக்கம் திருப்பினாள். "நீங்களே பாருங்க. நான் பாக்கல." எழுந்து போய், யாருடைய கீபோர்டையோ தட்டித் தூசி எடுக்க ஆரம்பித்தாள்.

பார்த்தேன். யோவ் விஷயத்துக்கு வாய்யா இருந்தது. மாமாவின் சம்பளம் இருந்தது. எங்கெங்கே நான் அழிக்கிற பட்டனை அமுக்கினேன் என்பதுகூடக் குறியாக இருந்தது. வார்டன் இருந்தது. பழையவற்றுக்குப் போனேன். கல்யாணம் முறிந்த புதிதில், அந்த மனுஷனுக்கு நான் எழுதி எழுதி அழித்ததெல்லாம் இருந்தது. திரும்பி வந்துவிடுகிறேன் என்று கெஞ்சியது, நாசமாய்ப் போ என்றது, மறுபடியும் கெஞ்சியது. ஒன்றையும் நான் அனுப்பவில்லை. உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் மறுநாள் நிமிர்ந்து நடந்தேன்.

"வீட்டுக்காரரா மேடம்?" அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"வீட்டுக்காரர் இல்ல."

"அப்ப யாரு?"

கைதேர்ந்தவங்க என்று அவள் புகழ்ந்தபோது நான் சொன்ன பதிலையேதான் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. எடுக்க வேண்டுமானால் போட்டவர்களின் பாஸ்வேர்டு வேண்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும் என்றாள். நான் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

வீட்டுக்கு நடந்தேன். பஸ் ஏறத் தோன்றவில்லை. நடக்கும்போது பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்தது. அன்று எனக்குத் தலைவலி. இன்று யாரும் என்னிடம் பேசாமல் இருந்தால் கோவில் கட்டிக் கும்பிடுவேன் என்று சப்டைட்டில் வரியில் டைப் செய்து அழித்திருந்தேன். அன்று அக்கா வந்ததும் பூனை போல நடந்து, டிவியைப் போடாமல், என் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். இவளுக்கு மட்டும் எப்படித்தான் தெரிகிறதோ என்று நான் தலையணையில் முகம் புதைத்து அழுதேன். கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா என்று எத்தனை பேரிடம் சொல்லி உருகியிருக்கிறேன். அவளுக்குத் தானாகத் தெரியவில்லை. படித்துவிட்டு வந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் காட்டிய பிரியத்தில் எது படித்தது, எது தானாக வந்தது என்று இனி எந்த ஜென்மத்தில் பிரித்துப் பார்ப்பேன்.

சாயங்காலம் அக்கா வந்தபோது லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்திருந்தேன். அந்தப் பிரிண்டர் பெயர் திரையில் இருந்தது. கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"கடைக்குப் போனியா?" என்றாள்.

"கண்டவனும் நோண்டுவான்னு சொன்னியே. நோண்டினது யாருன்னு பாத்துட்டு வரலாம்னு போனேன்."

அவள் உட்கார்ந்தாள். வெகுநேரம் மேசையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே துடைக்க ஒன்றும் இல்லை.

"நீ வந்த கோலம் அப்படி" என்றாள். "சாப்பிடல, பேசல. ஏதாவது பண்ணிக்குவியோன்னு பயம். ஆபீஸ்ல போடறதுதானே, அதையே போட்டேன். நீ நல்லா ஆனதும் எடுத்துரலாம்னுதான் இருந்தேன்."

"நல்லா ஆகி எத்தனை வருஷம் ஆச்சு?"

தோளிலிருந்த கைப்பையை இப்போதுதான் இறக்கி வைத்தாள்.

"ஏங்க்கா எடுக்கல?"

"பழகிப் போச்சு. மத்தியானம் சாப்பிடறப்போ படிப்பேன். உன்கூட உக்காந்து சாப்பிடற மாதிரி இருக்கும்." மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். "என்கிட்ட நீ எப்பவும் சரிக்கா, ஆகட்டும்க்காதான். அதுலதான் நீ நீயா இருந்தே."

ஒரு கணம் எனக்கு இரக்கம் வந்தது. வந்த வேகத்திலேயே போயிற்று.

"முதல்ல எடு" என்றேன்.

லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பாஸ்வேர்டு கேட்டது. அவள் விரலைக் கீபோர்டில் வைத்ததும், நான் தன்னியல்பாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்தவர் பாஸ்வேர்டு போடும்போது பார்க்கக் கூடாது இல்லையா, அந்த மரியாதை. திருப்பிய பிறகுதான் யாருக்கு மரியாதை செய்கிறேன் என்று உறைத்தது. என் மேலேயே எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்தேன்.

"எடுத்தாச்சு" என்றாள். ஃபேன் இரைச்சல் படிப்படியாக இறங்கி நின்றது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

"இன்னும் ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னிக்கு இன்டர்வியூ நடுவுல ஆஃப் ஆச்சே. ஏன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஆகும்னு முன்னாடியே தெரியுமா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "வீடியோ கால் வந்தா தாங்காதுன்னு தெரியும்."

"அந்த ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சிருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம்."

"நிறுத்தாம, எனக்கு ஸ்டாண்டு வாங்கிட்டு வந்தே. பிரஷ் வெச்சு இறக்கை இறக்கையாத் துடைச்சே. நான் உனக்கு டார்ச் பிடிச்சேன்."

அவள் அழுதாள். நான் தொடவில்லை. இதுவே வேறு யாராவது எனக்குச் செய்திருந்தால், இவள் மடியில்தான் போய் விழுந்து அழுதிருப்பேன். இப்போது அழ எனக்கு இடம் இல்லை.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருந்தா நீ இருந்திருப்பே."

"அப்ப சொல்ல வேண்டியதுதானே."

"நான் தடுத்தேன்னு ஆகிருமே சுண்டு. வேலை தானா கிடைக்காம போச்சுன்னா, யார் மேலயும் குத்தம் இல்ல."

அவள் சொன்னது உண்மை. போகாதே என்று கேட்டிருந்தால் இருந்திருப்பேன், ஒரு பேச்சுப் பேசாமல் இருந்திருப்பேன். கேட்கக்கூட மனசு வராமல், திருடனைப் போல என் திரைக்குள் உட்கார்ந்து என் வாழ்க்கையைச் சூடேற்றிக் கொன்றுகொண்டிருந்தாள். இத்தனையும் செய்துவிட்டு நல்லவள் என்ற பெயரும் தனக்கே வேண்டும் என்று நினைத்தாளே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் இருவரும் தேவைக்கு மட்டும் பேசினோம். கேஸ் வரும், எடுத்து வை. சாவி அலமாரி மேல இருக்கு. அவள் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நேர்காணல் அன்று அக்கா விடுப்பு எடுத்திருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு ஒரு படத்துண்டு அனுப்பினார்கள். பானை செய்கிற இரண்டு பேர் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டே பேசுகிறார்கள். ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் ஏறுகிறார். சிரமமான துண்டு. என் கை தானாக ஓடியது. திட்டி எழுதத் தோன்றவே இல்லை. அந்தப் பழக்கம் எனக்கு விட்டுப்போய்விட்டது. லேப்டாப் இருக்கிற இடம் தெரியாமல் இருந்தது.

அந்த அம்மாள் கடைசி வரி வரை பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். "ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. எங்களுக்குச் சம்மதம். நீங்க எப்ப வந்து சேர முடியும்?"

இதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. இரண்டு மாதம் கேட்பது. என்ன இருந்தாலும் தனியாக இருந்து அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று, ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போக வேண்டும், ஆத்திரத்தில் எதையும் செய்யக் கூடாது என்று எனக்கு நானே பலமுறை சொல்லி வைத்திருந்தேன்.

ஃபேன் ஓடாததால் வீட்டின் சத்தமெல்லாம் கேட்டது. குழாய் சொட்டுவது கேட்டது. கூடத்திலிருந்து அக்காவின் காலடி வந்து, என் கதவுக்கு வெளியே நின்றது. அங்கேயே நின்றுகொண்டிருந்தது. இப்போதும் ஒட்டுக் கேட்கிறாள்.

"திங்கட்கிழமையே வந்துடறேன் மேடம்" என்றேன்.

மைக்குக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை.